அரிக்கமேடு உரோமர் குடியேற்றமா?

'காலனி' என்னும் சொல் இன்று நம் நகரத்தில் யாருக்கும் புதிதன்று. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு ஆகிய பகுதிகளில் நடந்து செல்வோர், பல வீடுகள் ஒருங்கே அமைந்த குடியிருப்புகளின் பெயர்ப் பலகையில் அச்சொல்லைக் காண்பர். வரலாற்று நூலை விரிக்கும் மாணவரோ அதே சொல்லை வேறொரு பொருளில் காண்கிறார். ஒரு நாட்டார் பிறிதொரு நாட்டைக் கைக்கொண்டு ஆளும்போது, ஆளப்படும் அந்நாட்டிற்கும் காலனி என்றே பெயர். இவ்விரு பொருளுக்கும் தாயாக விளங்குவது இலத்தீன் மொழியிலுள்ள 'கொலோனியா' என்னும் சொல்லாகும். உழுதல், பண்படுத்துதல் என்னும் பொருள் தரும் வினையடியிலிருந்து அது பிறந்தது. 'கொலோனஸ்' என்றால் உழவன். 'கொலோனியா' என்றால் உழவர் குடியேறிய ஊர். ஆயினும், பேரரசர் காலத்து உரோமில் அவ்வாறு குடியேறிய உழவர் பலர், ஏரைப் பிடிப்பதற்கு முன்னர் நெடுங்காலம் வாளைப் பிடித்தவர்கள்.

நம் தமிழகக் கரையில் இத்தகைய கொலோனியா ஒன்று இருந்ததா? புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்றொரு மண்மேடு உள்ளது. அங்கே உரோம நாட்டு மட்கலங்கள் கிடைத்தன. அதனால் அவ்வூரை 'உரோமர் குடியேற்றம்' என்று பேசுவோரும் எழுதுவோரும் உளர். அவ்வாறு சொல்வது பொருந்துமா என்பதே இப்பேச்சின் பொருள். விடை காண்பதற்கு முன், மெய்யான உரோமக் குடியேற்றம் எவ்வாறு இருந்தது என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். எடைக்கல் இன்றி எடை போடுதல் இயலாதன்றோ?

உரோமப் படையில் சேர்ந்த வீரன் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினான். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவன் ஓய்வு பெறும்போது நாற்பதைக் கடந்திருப்பான். போர் ஒன்றே அறிந்த இத்தகைய ஆயிரக்கணக்கானோரை வெறுங்கையுடன் வீட்டுக்கு அனுப்புவது அரசுக்கே ஆபத்து என்பதை உரோமர் தம் உள்நாட்டுப் போர்களில் கண்டறிந்தனர். ஆகவே ஓய்வு பெறும் வீரர்க்கு நிலமோ பணமோ அளித்தல் வழக்கமாயிற்று. இத்தாலியில் மட்டும் இருபத்தெட்டுக் குடியேற்றங்களை நிறுவியதாகப் பேரரசர் அகஸ்டஸ் தம் செயல்களைக் கூறும் கல்வெட்டில் பொறித்துள்ளார். கி.பி. 6-ஆம் ஆண்டில், ஓய்வு பெறும் வீரர்க்கெனத் தனிக் கருவூலம் ஒன்றையும் அவர் அமைத்தார்.

குடியேற்றம் நிறுவும் முறை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. முதலில் நில அளவையாளர் வருவர். ஒரு கம்பத்தின் உச்சியில் குறுக்காகப் பொருத்திய இரு சட்டங்கள். அவற்றின் நான்கு முனைகளிலும் தொங்கும் தூக்குக்குண்டுகள். இதுவே அவர்தம் கருவி. இதனைக் கொண்டு நேர்கோடுகளையும் செங்கோணங்களையும் வகுத்து, நிலத்தைப் பெருஞ் சதுரங்களாகப் பிரித்தனர். ஒரு சதுரம் ஏறத்தாழ 125 ஏக்கர் பரப்புடையது. அதனைப் பங்கிட்டு வீரர்க்கு வழங்கினர். பின்னர் நேரான தெருக்கள், நடுவே பொதுமன்றம், கோயில், நீராடு மண்டபம், அரங்கம் எனப் பல எழுந்தன.

இவ்வமைப்பை இன்றும் கண்ணாரக் காண விரும்புவோர் அல்ஜீரியா நாட்டிலுள்ள திம்காட் நகரின் சிதைவுகளைக் காணலாம். பேரரசர் டிராஜன் கி.பி. 100-இல், மூன்றாம் அகஸ்தா படைப்பிரிவைக் கொண்டு அமைத்த ஊர் அது. நாளடைவில் மண்மூடிப்போன அவ்வூரைப் பிரெஞ்சு அறிஞர்கள் 1881 முதல் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தனர். சதுரங்கப் பலகையைத் தரையில் விரித்தாற்போன்ற தெருக்களும், 3,500 பேர் அமரத்தக்க அரங்கும் அங்கே உள்ளன. ஐரோப்பாவிலோ, சில ஊர்களின் பெயர்களே இவ்வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரின் பெயர் கொலோனியா என்பதன் திரிபே. ஸ்பெயின் நாட்டு மெரிடா நகரின் பெயர், பணிமுடித்த வீரர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ஊர்ப்பெயர்கள் பழைய நிலத்தை மறப்பதில்லை. மந்தைவெளி என்னும் பெயரைக் கேட்டவுடனே, இன்று வீடுகள் நெருங்கி நிற்கும் அவ்விடத்தில் ஒருகாலத்தில் கால்நடைகள் மேய்ந்த வெளி இருந்ததை நாம் உணர்கிறோம். உரோமரின் குடியேற்றங்களும் யாருக்கும் உரிமையற்ற வெற்றிடத்தில் எழுந்தனவல்ல. அளவையாளர் சதுரங்களாக வகுத்த நிலத்தில் அதற்கு முன்னர் ஒருவருடைய மந்தை மேய்ந்தது. ஒருவருடைய பயிர் விளைந்தது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள கோல்செஸ்டர் நகரின் மண் விடை கூறும்.

கோல்செஸ்டரின் பழம்பெயர் கமுலோடுனம். டிரினோவான்டிகள் என்னும் குலத்தார் வாழ்ந்த நாட்டின் தலைமையிடம் அது. கி.பி. 43-இல் பேரரசர் கிளாடியஸின் படை பிரிட்டனுக்குள் புகுந்தது. கமுலோடுனத்தில் இருபதாம் படைப்பிரிவு கோட்டை கட்டித் தங்கியது. கி.பி. 49-இல் அப்படைப்பிரிவு மேற்கே செல்லவும், கோட்டை இருந்த இடத்தில் ஓய்வு பெற்ற வீரர்க்கான குடியேற்றம் நிறுவப்பட்டது. பிரிட்டனில் உரோமர் அமைத்த முதற் குடியேற்றம் அதுவே.

அதன் பின் நிகழ்ந்தவற்றை உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியுள்ளார். அவருடைய மாமனார் அக்ரிக்கோலா அக்காலத்தில் பிரிட்டனில் இளம் படைத்தலைவராக இருந்தவர். ஆகவே அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. குடியேறிய வீரர்கள் டிரினோவான்டிகளை வீட்டிலிருந்து விரட்டினர், நிலத்தைப் பறித்தனர், அவர்களைச் சிறைப்பட்டோர் என்றும் அடிமைகள் என்றும் இழித்துரைத்தனர். இறந்த கிளாடியஸுக்குத் தெய்வநிலை அளித்து எழுப்பிய கோயில், அம்மக்களின் கண்ணுக்கு, நீங்கா அடிமைத்தனத்தின் கோட்டையாகத் தோன்றியது. அக்கோயிலின் செலவும் அவர்கள் தலைமேலேயே சுமத்தப்பட்டது. வென்றோம் என்னும் இறுமாப்பில், உரோமர் தம் ஊருக்கு மதிற்சுவர்கூட எழுப்பவில்லை.

கி.பி. 60 அல்லது 61-ஆம் ஆண்டில் ஐசினி குலத்து அரசி பூடிக்கா போர்க்கொடி உயர்த்தினாள். டிரினோவான்டிகள் அவளுடன் சேர்ந்தனர். மதிலற்ற கமுலோடுனம் தீக்கிரையாயிற்று. எஞ்சியோர் கிளாடியஸ் கோயிலுக்குள் புகுந்து இரண்டு நாள் தாக்குப்பிடித்தனர். பின்னர் அதுவும் வீழ்ந்தது. கிளர்ச்சி அடங்கிய பிறகு உரோமர் மீண்டும் ஊரை எழுப்பினர். அதன் பின்னரே மதிலையும் கட்டினர். அம்மதிலின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

ஏட்டிலுள்ள இச்செய்தியை மண்ணும் உரைக்கிறது. இன்று கோல்செஸ்டரின் நடுப்பகுதியில் எங்கே ஆழமாகத் தோண்டினாலும், சிவக்க வெந்த களிமண்ணும் கரியும் கலந்த ஓரடுக்கு எதிர்ப்படுகிறது. சில இடங்களில் அது அரை மீட்டர் கனம் உடையது. அவ்வடுக்கில் கரிந்த மெத்தை, கரிந்த பேரீச்சம்பழம், வெப்பத்தால் உருகிய கண்ணாடி ஆகியவை கிடைத்துள்ளன. கடையில் விற்பனைக்கு அடுக்கிவைத்த செந்நிற மெருகுக் கலங்கள், தீயில் கருகி அடுக்கோடு சரிந்து கிடந்தன. 2014-இல், ஒரு வீட்டின் தரையடியில் அவசரமாகப் புதைத்த பொன்னணிகளும் நாணயங்களும் வெளிப்பட்டன. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை.

படைவீரர்களின் அடையாளமும் அங்கே கல்லில் உள்ளது. இருபதாம் படைப்பிரிவின் நூற்றுவர் தலைவன் பெசிலிஸின் கல்லறைச் சிற்பம் 1868-இல் கிடைத்தது. திரேசிய நாட்டுக் குதிரைவீரன் லாங்கினஸின் கல் 1928-இல் கிடைத்தது. நாற்பது வயது, பதினைந்து ஆண்டு பணி என அக்கல் அவனைப் பற்றி உரைக்கிறது. குதிரைமேல் அமர்ந்த அச்சிற்பத்தில் முகம் மட்டும் உடைந்திருந்தது. பூடிக்காவின் ஆட்கள் வெறுப்பினால் முகத்தைச் சிதைத்தனர் என்று அனைவரும் நெடுங்காலம் நம்பினர். 1996-இல் அதே இடத்தை மறுபடியும் தோண்டியபோது முகத்தின் துண்டு அங்கேயே கிடைத்தது. 1928-இல் கல்லைத் தோண்டி எடுத்தபோதே அது உடைந்திருக்க வேண்டும் எனத் தெளிவாயிற்று. அழகாகப் பொருந்தும் கதையெல்லாம் உண்மையாகிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

கிளாடியஸ் கோயில் எங்கே இருந்தது என்பதும் நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. கோல்செஸ்டரில் நார்மானியர் பதினொன்றாம் நூற்றாண்டில் எழுப்பிய பெருங்கோட்டை ஒன்று உண்டு. அதனடியில் உள்ள நிலவறைகள், அக்கோயிலின் பீடத்தைச் சேர்ந்தவை என்று 1919-20 ஆண்டுகளில் எடுத்துக்காட்டியவர், முதல் உலகப் போரிலிருந்து அண்மையில் திரும்பியிருந்த இளம் அறிஞர் மார்ட்டிமர் வீலர். இந்தப் பெயரை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அரிக்கமேட்டின் பெயரை உலகறியச் செய்தவரும் அவரே.

வீலர் 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டுக் கோடையில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்வையிட வந்தார். அங்கே ஓர் அலமாரியில் மண்சாடி ஒன்றின் கழுத்தும் கைப்பிடியும் கிடந்தன. மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் நிரப்பிக் கப்பலில் அனுப்பப் பயன்பட்ட 'ஆம்போரா' என்னும் சாடியின் துண்டு அது என்பதை, உரோமச் சிதைவுகளில் பழகிய அவர் கண் உடனே அறிந்துகொண்டது. எங்கிருந்து வந்தது என வினவ, புதுச்சேரியிலிருந்து என்னும் விடை கிடைத்தது. வீலர் புதுச்சேரிக்கு விரைந்தார். அங்கே நூலகத்தில் வைத்திருந்த பொருள்களுக்கிடையே செந்நிற மெருகுடைய கலத்துண்டுகளைக் கண்டு பெருமகிழ்ச்சி எய்தினார்.

அரிக்கமேட்டை முதன்முதல் கண்டவர் வீலர் என்று எண்ணிவிடுதல் கூடாது. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியை ஆராய வந்த பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ழாந்தீல், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இவ்விடத்துச் செங்கற் சுவர்களைக் குறித்துள்ளார். 1937-இல், புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் ஊர்ச் சிறுவரிடமிருந்து சில பழம்பொருள்களை வாங்கினார். மனிதத் தலை செதுக்கிய ஒரு மணிக்கல்லையும் கண்டெடுத்தார். அத்தலை அகஸ்டஸின் தலையென்று கருதப்பட்டது. 1941 முதல் 1944 வரை பொஷே, சுர்லோ என்னும் பிரெஞ்சுக்காரர் அங்கே அகழ்ந்தனர்.

வீலர் 1945-இல் ஏப்ரல் முதலாகச் சில மாதங்கள் அகழாய்வு செய்தார். அக்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவர் கையாண்ட முறை, மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்ததைத் தனித்தனியே பதிந்துவைக்கும் முறையாகும். மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது. இந்த எளிய விதியைப் பிழையாது பின்பற்றினால், காலத்தை மண்ணிலிருந்தே படித்தறியலாம்.

அங்கே கிடைத்த செந்நிற மெருகுக் கலங்கள், இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரிலும் அதைச் சார்ந்த இடங்களிலும் செய்யப்பட்ட அரிட்டைன் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் சிலவற்றின் அடியில் விபியே, கமுரி, இட்டா எனக் குயவர் பட்டறைகளின் முத்திரைகள் இலத்தீன் எழுத்தில் காணப்பட்டன. இவ்வகைக் கலங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு வழக்கொழிந்தன என்பது ஐரோப்பாவில் ஐயமின்றித் தெரிந்த செய்தி. ஆகவே அவை கிடந்த அடுக்கின் காலமும் தெளிவாயிற்று. அவற்றோடு கலந்து கிடந்த நம் நாட்டு மட்கலங்களின் காலமும் தெளிவாயிற்று. அதுவரை தென்னிந்தியத் தொல்பொருள்கள் பலவற்றுக்குக் காலம் கணிக்க உறுதியான பிடிப்பு இல்லாதிருந்தது. இத்தாலியக் குயவன் ஒருவன் தன் கலத்தில் இட்ட முத்திரை, தமிழ்நாட்டு வரலாற்றுக்கு நாள்காட்டியாக அமைந்தது. வீலரும், அவருடன் பணிசெய்த அ. கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோரும் தம் அறிக்கையை 1946-இல் வெளியிட்டனர். அரிக்கமேட்டை 'இந்திய-உரோம வணிக நிலையம்' என்று அவ்வறிக்கை அழைத்தது.

மேட்டின் வடபகுதியில் 150 அடி நீளமுள்ள கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. அதனைப் பண்டகசாலை என்று வீலர் கருதினார். தென்பகுதியில் செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் காணப்பட்டன. துணிகளுக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் அவை என்பது அவர் கருத்து. கல்மணி, கண்ணாடி மணி, சங்கு ஆகியவற்றில் நடந்த கைவேலைகளின் தடயங்களும் மிகுதியாகக் கிடைத்தன.

இதுவரை சரி. இதற்குமேல் வீலர் ஒரு கருத்தைச் சேர்த்தார். எளிய மீனவர் வாழ்ந்த ஒரு சிற்றூர், மேலைநாட்டு வணிகர் வந்த பின்னரே, அவ்வருகையினாலேயே, துறைமுக நகராக உயர்ந்தது என்று அவர் எண்ணினார். உரோமக் கலம் தோன்றும் அடுக்கிலிருந்தே நகரின் வரலாறும் தொடங்குவதாகக் கொண்டார். உட்புறத்தில் நுண்ணிய புள்ளி வளையங்கள் பொறித்த மெல்லிய தட்டுகள் பல அங்கே கிடைத்தன. அவற்றின் வேலைப்பாட்டு முறையும் மேற்கிலிருந்து வந்ததே என்று கருதப்பட்டது. இக்கருத்துகளினின்றே 'உரோமர் குடியேற்றம்' என்னும் பேச்சுக்கும் வலிமை பிறந்தது.

பின்வந்த அறிஞர்கள் இதனை மீண்டும் ஆராய்ந்தனர். 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கஸால் அகழ்ந்தபோது, அரிட்டைன் கலங்கள் வருவதற்கு முன்னரே மக்கள் அங்கு வாழ்ந்ததற்கான அடுக்குகள் தெளிவாகப் புலப்பட்டன. 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சார்பில் விமலா பெக்லி அம்மையாரும், சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து அகழாய்வு நடத்தினர். பழைய அறிக்கைகளையும் அவர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். அதன் பயனாக, கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே அரிக்கமேடு கடல்வாணிகத்தில் ஈடுபட்டிருந்தது என்பதும், உரோம வணிகம் தளர்ந்த பின்னரும் அவ்வூர் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது என்பதும் புலனாயின. புள்ளி வளையத் தட்டுகளின் களிமண்ணை வேதியியல் முறையால் ஆராய்ந்தோர், அவை இந்திய மண்ணில் வனைந்தவை என்று கண்டனர். அழகன்குளம், அமராவதி, இலங்கையின் அனுராதபுரம், பாலித்தீவின் செம்பிரான் ஆகிய இடங்களிலும் அதே தட்டுகள் கிடைத்துள்ளன. உரோமக் கப்பல் வருவதற்கு முன்பே கிழக்குக் கடலில் நம்மவர் வகுத்திருந்த வழிகளை அவை காட்டுகின்றன.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் வணிகக் கையேடும் இதற்குத் துணை நிற்கிறது. அது இக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைக் கூறுகிறது. பொதுகே என்பது புதுச்சேரிப் பகுதி என்பது அறிஞர் பலரின் துணிபு. பெரும் மரங்களைப் பிணைத்துக் கட்டிய 'சங்கரா' என்னும் கலங்களும், கங்கைக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் செல்லும் பெருங்கப்பல்களும் அத்துறைகளில் இருந்தன என்று அந்நூலாசிரியர் எழுதுகிறார். அவை உள்நாட்டார் கப்பல்கள். அடுத்த நூற்றாண்டில் தாலமி என்னும் புவியியலறிஞர் குறித்த 'மலியார்பா' என்னும் வணிகத்துறையை நம் மயிலாப்பூர் என்று கொள்வோரும் உளர். இவ்வாறு அரிக்கமேடு தனித்து நின்ற அதிசயம் அன்று. வரிசையாய் அமைந்த பல துறைகளுள் ஒன்று.

இப்போது நம் எடைக்கல்லை எடுத்துக்கொள்வோம். கமுலோடுனத்திலும் திம்காட்டிலும் கண்ட அடையாளங்கள் அரிக்கமேட்டில் உண்டா? படைவீரர்க்கெனச் சதுரமாக வகுத்த நிலம் இல்லை. பொதுமன்றமும் அரங்கமும் இல்லை. பேரரசருக்கு எழுப்பிய கோயில் இல்லை. படைப்பிரிவின் பெயர் தாங்கிய கல்லறை இல்லை. குடியேற்றம் நிறுவியதைக் கூறும் இலத்தீன் கல்வெட்டு இல்லை. இலத்தீன் எழுத்து இருப்பது கலத்தின் அடியில் மட்டுமே. அதுவும் இத்தாலியிலேயே பொறித்தது. இவ்வூரில் வாழ்ந்தோர் தம் கலங்களில் கீறி எழுதிய பெயர்களோ, பிராமி எழுத்தில், தமிழிலும் பிராகிருதத்திலும் அமைந்துள்ளன. கலத்தில் தன் பெயரைக் கீறுகிறவன் அக்கலத்துக்கு உரியவன். அந்த எழுத்து யாருடையது என்பதைக் கொண்டு, ஊர் யாருடையது என்பதை நாம் ஒருவாறு உணரலாம்.

யவனர் இங்கே வரவே இல்லை என்பது இதன் பொருளன்று. வந்தனர், தங்கவும் செய்தனர். புகார் நகரில் யவனர் இருக்கைகள் இருந்ததைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்தி நின்ற யவனக் காவலரையும் அந்நூல் காட்டுகிறது. வேந்தனின் பாசறையைக் காத்த யவனரை முல்லைப்பாட்டில் காண்கிறோம். யவனர் என்னும் சொல் கிரேக்கர், உரோமர், அவர்தம் ஆட்சிக்குட்பட்ட எகிப்து முதலிய நாட்டார் அனைவரையும் பொதுவாகக் குறித்தது. கமுலோடுனத்தில் முன்னாள் வீரன் நிலக்கிழானாக அமர்ந்தான். மண்ணின் மைந்தன் அவனுக்கு அடிமையெனப்பட்டான். மதுரையிலோ, யவன வீரன் பாண்டியனிடம் ஊதியம் பெற்று அவன் வாயிலைக் காத்தான். கையில் வாள் இருந்தது இரண்டிடத்தும் ஒன்றே; அவ்வாள் யாருடைய ஆணைக்கு அடங்கியது என்பதே வேறுபாடு.

மேற்குக் கரையிலிருந்த முசிறியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பழைய உரோம நிலப்படம் ஒன்றின் இடைக்காலப் படி வியன்னா நகரில் உள்ளது. அதில் முசிறிக்கு அருகே 'அகஸ்டஸ் கோயில்' என்று எழுதியிருக்கிறது. இதனைக் கொண்டு, உரோமப் படையே அங்குக் காவல் இருந்ததாக எழுதியோர் உண்டு. ஆயின் பல நாட்டு வணிகர் தங்கும் துறையில் அவரவர் தெய்வத்துக்கு இடம் அமைவது உலக வழக்கம். அதற்குப் படையெடுப்புத் தேவையில்லை. முசிறியின் பகுதியென்று பலர் கருதும் கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் ஆம்போராத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. உரோமப் படையின் பாசறை எதுவும் வெளிப்படவில்லை.

இதனையே மறுதலையாகவும் எண்ணிப் பார்க்கலாம். எகிப்து நாட்டின் செங்கடற் கரையில் பெரனிகே என்னும் உரோமத் துறைமுகம் இருந்தது. 1995-இல் அங்கே கிடைத்த மட்கலத் துண்டு ஒன்றில், 'கொற்ற' எனத் தொடங்கும் பெயர் தமிழ்ப் பிராமியில் உள்ளது. அதே ஊரின் கோயில் ஒன்றில், இந்தியாவில் வனைந்த பெருஞ்சாடியில் ஏழரைக் கிலோ கிராம் மிளகு அப்படியே கிடைத்தது. குசைர் அல்-காதிம் என்னும் மற்றொரு துறையில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் கீறிய ஓடுகள் கிடைத்துள்ளன. இவற்றைக் கண்டு, எகிப்தில் தமிழர் காலனி அமைத்தனர் என்று யாரும் நூல் எழுதவில்லை. தமிழ் வணிகர் அங்குச் சென்றனர் என்றே கூறுகின்றனர்; அதுவே அளவான முடிவு. எகிப்தில் கிடைத்த தமிழ் ஓட்டுக்கு எந்த அளவுகோலோ, அரிக்கமேட்டில் கிடைத்த உரோம ஓட்டுக்கும் அதே அளவுகோல் வேண்டும்.

கோல்செஸ்டரிலும் செந்நிற மெருகுக் கலம் கிடைத்தது. அரிக்கமேட்டிலும் அதன் உறவான கலம் கிடைத்தது. முன்னதைச் சுற்றிலும் கரி இருந்தது. பின்னதைச் சுற்றிலும் மணிகளும் சங்கும் உள்ளூர்ப் பெயர்களும் இருந்தன. கலத்தை மட்டும் தனியே எடுத்து அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், வாளின் பின்னால் வந்தது எது, மிளகுக்கும் மணிக்கும் துணிக்கும் மாற்றாக வந்தது எது என்று வேறுபாடு காண இயலாது. அதனைக் கூற வல்லது அக்கலம் கிடந்த மண்ணடுக்கு ஒன்றே. அடுக்கைக் குலைத்துவிட்டால், சாட்சி வாய்மூடிவிடுகிறது.

அரிக்கமேட்டில் அவ்வாறு குலைந்தவை பல. பழஞ் செங்கல்லுக்காகச் சுவர்களைப் பெயர்த்தெடுத்த பள்ளங்களை வீலரே கண்டார். ஆறும் தன் கரையைச் சிறிது சிறிதாக அரித்துச் சென்றுள்ளது. இன்று அவ்விடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தோட்டங்களுக்கு நடுவே மேடும், ஆற்றங்கரையும், பிற்காலத்துக் கட்டடமொன்றின் சிதைவும் அன்றி, நாடிச் செல்வோர் கண்ணுக்கு வேறு பெரிதாக எதுவும் புலப்படாது. திம்காட்டின் தூண்களைப் போன்ற காட்சியை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றம் அடைவர். அந்த எளிய தோற்றமே நாம் தேடிய விடையின் ஒரு பகுதி எனலாம். வெற்றியைப் பறைசாற்ற எழுந்த ஊருக்குக் கற்றூண் தேவை; கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த துறைக்குப் பண்டகசாலையும் தோணிகளும் போதும்.

மாணவர்களே! சென்னையில் இருப்போர் ஒருமுறை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று வாருங்கள். மந்தைவெளியிலிருந்து அது அதிகத் தொலைவன்று. ஒவ்வொரு கலத்தின் முன்னும் நின்று, எந்த நாட்டில் செய்தது என்பதோடு அமையாமல், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்றும் வினவிப் பழகுங்கள். வயலிலோ, ஆற்றங்கரையிலோ, வீட்டுக்கு அடித்தளம் தோண்டும் இடத்திலோ பழைய ஓடோ காசோ கண்ணிற்பட்டால், எடுத்து வீட்டில் ஒளித்துவைக்காமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். அரிக்கமேட்டில் மீனவச் சிற்றூர் ஒன்றே இருந்தது என்னும் கதையைத் திருத்துவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நம் காலடியில் இன்னும் திருத்தப்படாத கதைகள் எத்தனையோ உள்ளன. அவற்றைத் திருத்தும் பொறுப்பு உங்கள் தலைமுறையினருக்கு உரியது.